மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஆறு, குளம், வாவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேசிய பூங்காவுக்குள் இருக்கும் குளத்துக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது? அங்கே வயலும் இல்லை, வீடும் இல்லையே?

பூங்கா எல்லை நிலத்துக்குப் போட்ட எல்லை. தண்ணீர் அந்த எல்லைக்கு வெளியே பிறந்து, உள்ளே தங்கி, மறுபடி வெளியே போகிறது. கல்லோயாவைப் பாருங்கள். பதுளைக்குக் கிழக்கே மலைகளில் தொடங்குகிறது. சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்குகிறது. இங்கினியாகலை அணையைக் கடந்ததும் வாய்க்கால்களாகப் பிரிந்து அம்பாறை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்களில் பாய்கிறது. மிஞ்சும் வடிச்சல் நீர் கடலோரக் களப்புகளுக்கு வந்து சேர்கிறது. 1954இல் கல்லோயா தேசிய பூங்காவைப் பிரகடனம் செய்ததன் முக்கிய நோக்கமே அந்த நீர்த்தேக்கத்தின் நீரேந்து பிரதேசத்தைக் காப்பதுதான். ஆனாலும் ஆற்றின் மேல்பகுதி பூங்காவுக்கு வெளியே இருக்கிறது. அங்கே சரிவில் காடு வெட்டிச் சேனை செய்தால் கரையும் மண் பூங்கா வாசலில் நின்று அனுமதி கேட்காது.

மதுறு ஓயாவும் இப்படித்தான். 1983இல் பூங்காவானது, மதுறு ஓயா நீர்த்தேக்கம் உட்படப் பல தேக்கங்களின் நீரேந்து பகுதிக்காக. அதே ஆறு கீழே இறங்கி வாழைச்சேனைப் பக்கம் களப்பில் விழுகிறது. மேலே நடப்பது கீழே மீன்பிடிப்பவரின் வலையில் தெரியும்.

இங்கே பெரிய தொழிற்சாலைகள் இல்லை. பிறகு எதனால்தான் நீர் கெடுகிறது?

நகரத்தில் இருந்து வருபவர்கள் முதலில் கழிவுக் குழாயைத் தேடுகிறார்கள். இந்த இரண்டு மாவட்டங்களில் அதைவிடப் பெரிய பிரச்சினைகள் நான்கு: கரைந்து வரும் மண், வயலில் இருந்து வடியும் உரமும் மருந்தும், வெளியில் இருந்து வந்து பெருகிய செடிகளும் மீன்களும், தண்ணீர் வரவேண்டிய நேரத்தில் வராமல் வேறு நேரத்தில் வருவது. குப்பையும் மலசலக் கழிவும் ஊர் ஓரங்களில் சேர்ந்துகொள்கின்றன. நான்காவதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். ஆறு எவ்வளவு தண்ணீர் கொண்டுபோகிறது என்பதைப் போலவே எந்த மாதத்தில் கொண்டுபோகிறது என்பதும் மீனுக்கும் புல்லுக்கும் முக்கியம்.

ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரையை) எத்தனை தடவை அள்ளினாலும் திரும்பி வருகிறதே, ஏன்?

மூன்று காரணங்கள். முதலாவது, வெயிலும் உரச்சத்தும் உள்ள தேங்கிய நீரில் இது ஒன்றிரண்டு கிழமைக்குள் இரண்டு மடங்காகும். பத்தில் ஒரு பங்கை விட்டுவைத்து வேலையை முடித்தால் ஒன்றரை மாதத்தில் பழைய அளவை எட்டிவிடும். இரண்டாவது, விதை சேற்றுக்குள் பதினைந்து இருபது வருடம் உயிரோடு கிடக்கும். குளம் வற்றி மறுபடி நிரம்பும்போது முளைக்கும். மூன்றாவது, அள்ளியதைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த மழைக்கு அது தண்ணீருக்குள் இறங்கும், அல்லது அங்கேயே அழுகி அதன் சத்தெல்லாம் குளத்துக்கே திரும்பும்.

இலங்கையில் ஆற்றுவாழையை ஒழிக்கக் கட்டளைச்சட்டம் வந்தது 1909இல். நூறு வருடத்துக்கு மேலாகியும் செடி போகவில்லை. ஆகவே ஒரு நாள் சிரமதானத்தால் தீரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒழுங்காகச் செய்யும் முறை இது:

வேலையைக் கோடையின் முடிவில், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது தொடங்குங்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் செடி முழுவதும் ஒரே கரைக்கு ஒதுங்கும். அந்தப் பக்கமாக நின்றால் பாதி வேலையைக் காற்றே செய்யும். ஒதுங்கிய திரளுக்குப் பின்னால் நைலோன் கயிற்றில் இரண்டு முழத்துக்கு ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் கலனைக் கட்டி மிதவைவேலி போடுங்கள். காற்று திரும்பினாலும் செடி கலையாது. ஆற்றிலும் வாய்க்காலிலும் எப்போதும் மேல்பக்கத்தில் இருந்து கீழே வாருங்கள். கீழே துப்புரவாக்கி மேலே விட்டால் ஒரு வெள்ளத்தில் உழைப்பெல்லாம் வீண்.

அள்ளியதைக் குளத்தின் முழுக்கொள்ளளவு மட்டத்துக்கு மேலே கொண்டுபோய்ப் போட வேண்டும். செடியில் ஏறத்தாழ 95 வீதம் தண்ணீர்தான். மூன்று நான்கு நாள் பரப்பி வாடவிட்டால் பாரம் வெகுவாகக் குறையும், அதற்குப் பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவது இலாபம். பசளையாக்குவதானால் வாடிய செடி மூன்று பங்கு, மாட்டெரு ஒரு பங்கு, கொஞ்சம் வைக்கோல். குவியல் ஒரு மீற்றர் உயரத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் நடுவில் சூடு ஏறாது, விதை சாகாது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். நகர வடிகால் விழும் இடத்தில் அள்ளியதை மரக்கறித் தோட்டத்துக்குப் போட வேண்டாம். ஆற்றுவாழை பார உலோகங்களை உறிஞ்சிவைக்கும் செடி.

பிறகு மாதத்துக்கு ஒருமுறை தோணியில் ஒரு சுற்றுப் போய் ஒற்றைச் செடிகளைப் பொறுக்க வேண்டும். பணமும் ஆளும் தேவைப்படுவது முதல் நாள் வேலைக்கு. ஆனால் பலன் தருவது இந்தப் பொறுக்கும் வேலைதான், அதற்குத்தான் யாரும் வருவதில்லை.

களைநாசினி அடித்தால் ஒரே நாளில் முடியாதா?

முடியும், செடியோடு மீனும். ஒரே நேரத்தில் செத்த செடி முழுவதும் அடியில் படிந்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். உன்னிச்சை, கொண்டவட்டவான் போன்றவை குடிநீருக்கும் எடுக்கப்படும் குளங்கள், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வாவியில் முகத்துவாரம் திறந்து உப்புநீர் ஏறும்போதும் இதே சிக்கல் இயல்பாக வரும். கடல்நீரின் உப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவை எட்டினாலே ஆற்றுவாழை கருகத் தொடங்கும். “உப்பு வந்தால் தானாகச் சாகும், விடுங்கள்” என்பது பாதி உண்மை. சாகும், ஆனால் அழுகுவதும் நம் வாவிக்குள்தான். உப்பு ஏறுமுன் அள்ளுவது நல்லது.

சல்வீனியாவுக்கும் இதே வழியா?

நீரில் மிதந்து படரும் இந்தச் செடிக்கு ஒரு நல்ல எதிரி உண்டு. 1986இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறிய கூன்வண்டு, மொட்டையும் தண்டையும் தின்றே அதை அடக்குகிறது. பாய்போல் படர்ந்த சல்வீனியாவில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் வண்டு வேலைசெய்கிறது என்று பொருள். அந்தத் திட்டுகளை அள்ளிவிடாமல், பச்சையாக இருக்கும் இடத்தை மட்டும் அகற்றுங்கள்.

குளத்துக்கு மேலே வயல் செய்கிறோம். உரத்தையும் மருந்தையும் குளத்துக்குப் போகாமல் எப்படித் தடுப்பது?

வக்கடையில், அதாவது வரம்பில் தண்ணீர் விடும் வெட்டுவாயில் இருந்துதான் தொடங்க வேண்டும். வயலில் இருந்து குளத்துக்குப் போவதில் பெரும்பகுதி உரம் போட்டும் மருந்தடித்தும் அடுத்த சில நாட்களில் திறந்துவிடும் தண்ணீரோடு போகிறது.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. நிறையத் தண்ணீர் நிற்கும் வயலில் எறிந்தால் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் போகும், ஒரு பகுதி வடிச்சலில் போகும், பயிருக்குக் கிடைப்பது குறையும். தண்ணீரைச் சேறாக இருக்கும் அளவுக்கு வற்றவிட்டு யூரியா போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து மெல்லத் தண்ணீர் கட்டுவது கமக்காரரின் காசுக்கும் நல்லது, குளத்துக்கும் நல்லது. மழை கறுத்து நிற்கும் நாளில் போட வேண்டாம். பொசுபரசு இதற்கு மாறானது: கரைவதைவிட மண்ணில் ஒட்டிக்கொண்டு போவதே அதிகம். அதனால் உழுது கலக்கிய சேற்றுநீரை வடியவிடுவதுதான் பொசுபரசைக் குளத்துக்கு அனுப்பும் வழி. சேறு அடங்க ஓரிரு நாள் விட்டுத் தெளிந்த நீரை மட்டும் விடுங்கள். வரம்பு ஒரு சாண் உயரமாவது இருக்கட்டும். நண்டு ஓட்டைகளை அடைக்காத வரம்பால் பயன் இல்லை.

களைநாசினிக்குச் சுட்டுத்துண்டில் எழுதிய நாள்வரை வக்கடையை மூடிவையுங்கள். அங்கே எதுவும் எழுதியிராவிட்டால் ஒரு கிழமையாவது. மருந்துப் போத்தலை மூன்று தடவை கழுவ வேண்டும்: கால்வாசி தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்த நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி வயலுக்கே அடியுங்கள். தெளிகருவியைக் கழுவிய தண்ணீரும் வயலுக்குத்தான். வாய்க்காலில் தெளிகருவியை அமிழ்த்திக் கழுவுகிற ஒரு பத்து நிமிடம், ஒரு போகம் முழுக்கக் கவனமாக இருந்ததை அழித்துவிடும். சில பூச்சிநாசினிகள் லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராமுக்கும் குறைந்த அளவில் இறாலைக் கொல்லக்கூடியவை.

குளத்துக்கும் வயலுக்கும் இடையில் புல், புதர், மருது, இலுப்பை நிற்கும் ஓரத்தை வெட்டித் துப்புரவாக்குவது பெரிய பிழை. பழைய குளங்களில் நீர்வரும் பக்கத்தில் வேண்டுமென்றே புல்தரை விட்டிருப்பார்கள், மண்ணை வடிகட்டுவதற்கு. கொஞ்சம் நிலம் கூடுதலாகக் கிடைக்கும் என்று அதை உழுதால், சில வருடத்தில் அந்த மண் குளத்தின் அடியில் இருக்கும்.

குளத்து நீர் பச்சை மைபோல் ஆகிவிட்டது. குளிக்கலாமா, காய்ச்சிக் குடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். பெயின்ற் ஊற்றினாற்போல் மேலே பச்சை படர்ந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், இந்த நஞ்சு அழியாது. குடிநீரில் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சுக்கு உலக சுகாதார அமைப்பு வைத்த தற்காலிக அளவு லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராம்.

வீட்டில் பார்க்க ஒரு வழி: கையுறை போட்டு, மேல்நுரையைத் தவிர்த்து, கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, ஓர் இரவு அசைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் பச்சை மேலே மிதந்து வளையமாக நின்றால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்கலாம். அடியில் படிந்தால் வேறு பாசி. இது சந்தேகத்தை எழுப்பும் சோதனை மட்டுமே. மாடுகளையும் நாய்களையும் பாசி ஒதுங்கிய கரையில் இறங்கவிடாதீர்கள். காற்று எந்தப் பக்கம் ஒதுக்குகிறதோ அங்கேதான் நஞ்சும் திரளும்.

விடியும்போது மீன் செத்து மிதக்கிறது. யாரோ நஞ்சு போட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. முதலில் ஒட்சிசனைச் சந்தேகியுங்கள். 30 பாகை வெப்பத்தில் நன்னீர் பிடித்துவைக்கக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான். பகலில் பாசி ஒட்சிசன் தரும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். ஆகவே மிகக் குறைவது விடியற்காலை. ஐந்துக்கு மேல் இருந்தால் மீனுக்குப் பயமில்லை, இரண்டுக்குக் கீழே போனால் சாகத் தொடங்கும். சில நாள் வெயிலுக்குப் பிறகு மந்தாரம் போட்டு மழை பெய்தால் பகலிலும் ஒட்சிசன் உண்டாகாது, அடியில் கிடந்த கெட்ட நீரும் மேலே கலக்கும். அப்படிப்பட்ட மறுநாள் காலைதான் இந்தக் காட்சி.

பிரித்தறிய இவற்றைப் பாருங்கள். ஒட்சிசன் குறைவென்றால் பெரிய மீன் முதலில் சாகும், உயிரோடு இருப்பவை வாயை மேலே வைத்துக் காற்றுக்குத் தவிக்கும், விரால்போல் காற்றைக் குடிக்கத் தெரிந்தவை தப்பும். நஞ்சென்றால் சிறிது பெரிது பாராமல் சாகும், இறாலும் நீர்ப்பூச்சியும் சேர்ந்தே சாகும், நேரம் காலம் இல்லை. வாவியில் நன்னீர் மீன் மட்டும் சாகிறதென்றால் உப்பு திடீரென ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

காரணம் தெரிய வேண்டுமானால் முதல் மூன்று நான்கு மணித்தியாலம்தான் கையில் இருக்கிறது. செத்து ஊதிய மீனால் பயன் இல்லை. சாகப்போகும் மீன் ஐந்தாறை எடுத்துப் பையில் போட்டு ஐஸில் வையுங்கள், உறையவிட வேண்டாம். தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி ஐஸில் வையுங்கள். நேரம், வானிலை, முதல்நாள் பக்கத்து வயல்களில் என்ன அடித்தார்கள் என்பதை எழுதுங்கள். குளமென்றால் நெக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கு, வாவியென்றால் கடற்றொழில் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காரணம் தெரியும்வரை அந்த மீனைக் கருவாடு போட்டுச் சந்தைக்கு அனுப்புவதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுக்க வேண்டும். கருவாடாகக் காய்ந்தாலும் பூச்சிநாசினி போகாது.

முகத்துவாரம் வெட்டுவது வாவிக்கு நல்லதா கெட்டதா?

எப்போது வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேரும் வாய்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடுப் பக்கம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல்திட்டு வாயை மூடும், மாரியில் வெள்ளம் உடைக்கும். உடைக்குமுன் வாவியோர வயலும் வீடும் மூழ்கத் தொடங்கினால் வெட்டச் சொல்லி மாவட்டச் செயலகத்துக்குக் கோரிக்கை போகும்.

பிந்தினால் வெள்ளாமை அழியும். முந்தினால், அதற்குப் பிறகு மழை குறைந்தால், வாவிநீர் வெளியேறி உப்பு உள்ளே ஏறி அதே வயலைக் கெடுக்கும். மறுபக்கத்தில், வாயே திறக்காமல் இருந்தால் இறால் குஞ்சும் கடல்மீன் குஞ்சும் உள்ளே வர வழியில்லை, ஊர்க்கழிவு தேங்கும். கமக்காரரும் மீனவரும் ஒரே மேசையில் இருந்து, இரண்டு மூன்று இடங்களில் நட்ட நீர்மட்டக் கோலையும் மழை எதிர்வுகூறலையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது. சத்தமாகக் கேட்பவருக்காக இரவோடு இரவாக வெட்டுவதுதான் அதிகம் சேதம் செய்கிறது. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்துத் தோணாக்களிலும் (கடலோரச் சிறு நீரோடைகளிலும்) சிறு அளவில் இதே கதைதான். அங்கே வாய் மூடியிருக்கும் காலத்தில் குப்பையும் வீட்டுக் கழிவுநீரும் சேர்வதால் இன்னும் மோசம்.

ஆற்றில் மண் அள்ளுவதால் என்ன? வெள்ளத்தில் மறுபடி வந்துவிடுமே?

வருகிற அளவுக்குள் எடுத்தால் பெரிய கேடில்லை. ஆனால் மேலே அணை கட்டிய ஆற்றில் மணல் அணையிலேயே தங்கிவிடும், கீழே முன்போல் வராது. ஆற்றின் அடி தாழ்ந்தால் கரையோரக் கிணற்று நீர்மட்டமும் தாழும். கடலை அண்டிய பகுதியில் உப்பு ஆற்றுவழியே மேலேறும். பாலத்தின் தூண்கள் வேர்தெரியும் மரமாக நிற்கும். கரைமருது சாயும். கோடையில் மீன் ஒதுங்கி உயிர்பிழைக்கும் இயற்கையான மடுக்கள், மண் வாரிய இடங்களில் இருந்து வரும் கலங்கல் படிந்து கெட்டுப்போகும்.

மணலை அளப்பது கியூப் கணக்கில். ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஏறத்தாழ 2.8 கன மீற்றர். அனுமதிப்பத்திரத்தை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் வழங்குகிறது. அதில் எந்த இடம், எத்தனை கியூப், எந்தக் காலம்வரை என்று இருக்கும். மோசடி பெரும்பாலும் அனுமதி இல்லாததில் நடப்பதில்லை. ஓர் இடத்துக்கு எடுத்த அனுமதியில் வேறு இடத்தில் அள்ளுவதும், ஒரே பத்திரத்தை நாள் முழுக்கக் காட்டுவதும்தான் அதிகம். உழவு இயந்திரங்களை எண்ணி, நேரத்தோடு எழுதிவைத்தால் முறைப்பாட்டுக்கு வலு வரும்.

குளம் தூர்ந்துவிட்டது. ஆழமாகத் தோண்டினால் நீர் அதிகம் நிற்குமல்லவா?

துருசின் (குளத்து மதகின்) அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்கு வராது. மாட்டுக்கும் யானைக்கும் மீனுக்கும் உதவும், அவ்வளவுதான். அதைவிட ஆபத்து, பழைய குளத்தின் அடியில் படிந்திருக்கும் களிப்படையைக் கிழித்துவிடுவது. கிழித்தால் நீர் நிலத்துக்குள் இறங்கும், முன்பு சித்திரைவரை நின்ற குளம் மாசியிலேயே வற்றும். தோண்டுமுன் ஐந்தாறு இடத்தில் துளையிட்டு வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அளந்து, வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்த மண்ணைக் குளத்தின் ஓரத்திலேயே கொட்டக் கூடாது. கட்டின் அடிவாரத்தைத் தோண்டவே கூடாது.

இன்னொரு பழக்கம், குளம் நிரம்பி வழியும் வானில் மணல்மூடை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்துவது. கட்டுக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். புல்லுக்கும் ஆபத்து என்பது தெரியாது. லகுகல கித்துலான தேசிய பூங்கா 1,554 ஹெக்டயர் மட்டுமே உள்ள சின்னப் பூங்கா. ஆனால் அதன் குளங்களில் வளரும் ‘பெரு’ என்ற புல்லுக்காகக் கோடையில் யானைகள் கூட்டமாக வருகின்றன. அந்தப் புல்லுக்கு நீர் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். வருடம் முழுக்க நிரப்பியே வைத்தால் அது அழியும், யானை அயல்வயலுக்கு வரும்.

குப்பைமேட்டுக்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு?

மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கறுத்த சாறாக வடிந்து அருகிலுள்ள ஓடைக்குப் போகும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. யானைக்காக வேலி போட்டாலும் சாறு வேலிக்குக் கீழால் போகும். மேட்டைச் சுற்றி மேல்பக்கத்தில் மழைநீரைத் திருப்பிவிடும் கானும், கீழ்ப்பக்கத்தில் சாறு தேங்கும் களிபூசிய குழியும் குறைந்தபட்சம் வேண்டும். சமையல்கழிவைத் தனியே பிரித்துவிட்டால் சாறும் குறையும், யானையும் வராது.

கதிர்காமப் பாதயாத்திரையில் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

உகந்தையில் இருந்து காட்டுப்பாதை கூமுனை தேசிய பூங்கா வழியாகப் போகிறது. ஆயிரக்கணக்கானோர் சில நாட்களுக்குள் ஒரே ஆற்றங்கரையில் தங்கும் காலம் அது. ஆறோ கோடையில் ஒடுங்கிக் கிடக்கும். கூமுனை 2010இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது.

சவர்க்காரம், சம்பூ ஆற்றுக்குள் வேண்டாம். வாளியில் மொண்டு வந்து, கரையில் இருந்து நன்றாகத் தள்ளி மணலில் குளியுங்கள். மலங்கழிக்க ஆற்றில் இருந்து எண்பது காலடியாவது தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். வற்றிய மணலாற்றுக்குள் குழி எடுக்கவே வேண்டாம், பின்னால் வருபவர் ஊற்றுத் தோண்டிக் குடிப்பது அங்கேதான். அன்னதானம் கொடுப்பவர்கள் ரெஜிபோம் பெட்டியை விட்டுத் தாமரை இலைக்கோ தேக்கிலைக்கோ மாறினால் பாதிக் குப்பை குறையும். தண்ணீர்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுவர ஆளுக்கொரு உரப்பை போதும்.

கண்டல் நடுகிறோம், பிழைப்பதில்லை. ஏன்?

தவறான இடத்தில் நடுவதால். சுனாமிக்குப் பிறகு நாட்டில் நட்ட கண்டலில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. எப்போதும் நீர் மூடிக்கிடக்கும் சேற்றில் நட்டால் கன்று மூச்சுத் திணறும். அருகில் இயற்கையாக நிற்கும் கண்டல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் மட்டும் நடுங்கள். மாடு புகாத வேலி போடுங்கள். பல இடங்களில் நடவே தேவையில்லை: அடைபட்ட ஓடையைத் திறந்து நீரோட்டத்தைச் சரிசெய்தால் விதை தானாக வந்து முளைக்கும். படம் எடுக்கத்தான் வசதிப்படாது.

மீன்தொட்டி மீனைக் குளத்தில் விட்டால் புண்ணியம்தானே?

இல்லை. டேங்க் கிளீனர் என்று விற்கும் முள்ளோட்டு மீன் இலங்கைக் குளங்களில் பெருகிவிட்டது. கரையில் வளை தோண்டும், வலையைக் கிழிக்கும், சந்தையில் விலை போகாது. வலையில் சிக்கினால் திரும்ப விடாதீர்கள்.

பாடசாலை மாணவர்கள், இளைஞர் கழகங்கள் நீரைத் தாங்களே சோதிக்க முடியுமா?

முடியும், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒழுங்காகச் செய்தால். ஒரு தடவை எடுத்த அளவு எதையும் சொல்லாது, இரண்டு போகம் தொடர்ந்தால் பேசும்.

தெளிவை அளக்க 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தகட்டை நான்கு பங்காகக் கறுப்பும் வெள்ளையும் பூசி, அடியில் பாரம் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். மறையும் ஆழத்தையும், இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில், தோணியின் நிழல்பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி போடாமல். அமிலகாரத் (pH) தாளில் 6.5 முதல் 8.5 வரை இயல்பு. பாசி பெருகிய குளத்தில் பிற்பகலில் ஒன்பதைத் தாண்டும். வாவியில் உப்புமானியும் வேண்டும், கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. ஒட்சிசன் சோதனைப்பெட்டி இருந்தால் விடியுமுன் ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை. இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால் நீரில் உரச்சத்து கூடிவிட்டது.

கிருமிச் சோதனைக்குப் போத்தலைக் கொதிநீரில் கழுவினால் போதாது. ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில், வாயைத் தொடாமல், ஒரு அடி ஆழத்தில் நீரோட்டத்துக்கு எதிரே பிடித்து நிரப்பி, ஐஸில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலை உள்ள நீரில் இறங்காமல் நீளக் கம்பில் போத்தலைக் கட்டிப் பிடியுங்கள். மட்டக்களப்பு வாவியிலும் முதலை உண்டு.

யாரிடம் முறையிடுவது? ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார்களே?

அதிகாரம் பிரிந்திருப்பதால் அப்படி. தேசிய பூங்கா, சரணாலயம் வனசீவராசிகள் திணைக்களத்துடையது, அவசர இலக்கம் 1992. பூங்கா போன்ற தேசிய ஒதுக்கத்தின் எல்லையில் இருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் அதன் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஒதுக்குக் காடு வனவளத் திணைக்களத்துக்கு. பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, 80 ஹெக்டயருக்குக் குறைவாகப் பாசனம் தரும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. கடலில் இருந்து 300 மீற்றருக்குள்ளும் முகத்துவாரப் பகுதியிலும் கரையோரம் பேணல் திணைக்களம். குப்பை பிரதேச சபைக்கு, கழிவு வெளியேற்றம் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு.

எந்த இடம் யாருடையது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலாளருக்கு எழுதி, மேலே உள்ளவர்களுக்குப் பிரதி போடுங்கள். கடிதத்தில் இடம், திகதி, நேரம், படம், கண்டது மட்டும். யார்மீதும் ஊகம் எழுத வேண்டாம். மண் அனுமதியோ சுற்றாடல் அனுமதியோ உண்மையில் இருக்கிறதா என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். நீர் திறப்பு, வான்மட்டம், வக்கடை நாள் போன்றவற்றுக்குக் கடிதத்தைவிடப் பயன்படுவது போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். அங்கே எடுக்கும் முடிவு எழுத்தில் பதியப்படும். மீனவர் சங்கத்தில் இருந்தும் ஓரிருவர் போய் உட்காருங்கள்.